கூட ஆள் இல்லாதவர்கள்

உளுந்தூர்பேட்டை நீதிமன்றத்தில் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறவள் நான். சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில், சேலத்துக்கு வழி பிரிகிற ஊர் எங்களுடையது. லாரி, ஆம்னி பஸ், இரவெல்லாம் ஓட்டி விடியற்காலையில் கண் அசருகிற கார்க்காரர்கள், குறுக்கே மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் எங்கள் சனம் எல்லாரும் இங்கே ஒரே சாலையில் சந்திக்கிறார்கள்.

என் மேசைக்கு வரும் ஒவ்வொரு கோப்பிலும் சில தாள்கள் தவறாமல் இருக்கும். முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி. முதல் தாளில் போலீஸ் பேசுகிறது. மற்றவற்றில் டாக்டர் பேசுகிறார். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி எதிருரை தாக்கல் செய்து அதுவும் பேசிவிடும். அடிபட்டுக் கிடந்தவர் மட்டும் எந்தத் தாளிலும் பேசுவதில்லை. அதனால் மனு தயாரிக்கும்போது நானாக ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்பேன். "ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் ஒரு மணி நேரம் உங்களை எப்படி நடத்தினாங்க?" வழக்குக்கு இந்தப் பதில் பெரும்பாலும் உதவாது. ஆனாலும் கேட்கிறேன்.

ஊசி போடவில்லை, மருந்து தரவில்லை என்று குறை சொல்கிறவர்கள் குறைவு. திரும்பத் திரும்ப எல்லார் வாயிலும் வருவது, ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியதும் தங்களிடம் கேட்கப்பட்ட கேள்விதான்: "கூட யாரு வந்திருக்கா?"

கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆள் வேண்டும். சீட்டுப் போட ஆள் வேண்டும். ரத்த மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்து, ரிப்போர்ட் வாங்கிவர ஆள் வேண்டும். ஸ்கேன் அறை வேறு கட்டடத்தில் இருந்தால் அங்கே அழைத்துப் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வண்டியில் கூட ஏற வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் ஒரு டாக்டரும் ஒரு நர்ஸம்மாவும் இத்தனையையும் செய்ய முடியாது. ஆக, நம் அரசு ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவு, நோயாளியோடு சம்பளமில்லாத ஓர் ஆள் வருவார் என்ற கணக்கில்தான் நடக்கிறது. அந்த ஆள் வராதபோது கணக்கு உடைகிறது. அங்கே நடக்கும் நியாயம், அநியாயம் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடிகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது என் உறுதியான எண்ணம். சாதி, பணம், மொழி, பாலினம் எல்லாமே இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன.

எலவனாசூர்கோட்டைப் பக்கத்து மூதாட்டி ஒருவர். ஆடு ஓட்டிப் போகையில் மோட்டார் சைக்கிள் மோதி இடுப்பெலும்பு முறிந்தது. 108 ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. மகன் திருப்பூரில் இருந்தான். வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டாக்டரு தங்கமான புள்ளம்மா. வலிக்கு ஊசி போட்டுது. ஒண்ணுக்குப் போவணும்னு யாருகிட்ட சொல்றது? அதான் பொடவையிலயே போயிட்டேன். அதோடயே விடியிற மட்டும் கெடந்தேன்." இடுப்பு முறிந்ததைச் சொல்லும்போது அழாதவர் இதைச் சொல்லும்போது அழுதார். அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பின் நிலை, வைத்த பிளேட்டின் விவரம், மாத்திரைகளின் பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றன. அந்த இரவு அதில் இல்லை.

மேற்கு வங்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர் ஒருவருக்குக் கால் நசுங்கியது. அவரிடமும் அதே கேள்வியைத் தமிழில் கேட்டிருக்கிறார்கள். அவருக்குப் புரியவில்லை. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அவர் மார்பின் மேலேயே இருந்தது. பக்கத்துப் படுக்கை நோயாளியின் மைத்துனர், யாரென்றே தெரியாத அந்தப் பையனைத் தானாகத் தள்ளிக்கொண்டு போனார். நம் மக்களின் மனசு அது; அதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரரின் மைத்துனர் நல்லவராக அமைவதை நம்பி ஓர் அரசு மருத்துவமனை இயங்கக் கூடாது.

பணத்தின் பக்கத்தை இந்த மாநிலம் ஓரளவு சரிசெய்துவிட்டது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை கேட்க மாட்டார்கள். எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்றும் பார்க்க மாட்டார்கள். தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் பட்டியலில் இருந்தால் போதும். என் கட்சிக்காரர்கள் சிலர் இன்று உயிரோடு இருப்பதற்கு இந்தத் திட்டம் ஒரு காரணம் என்று தயங்காமல் சொல்வேன்.

சட்டத்தின் பக்கமும் அப்படித்தான். போலீஸ் கேஸ் என்று சொல்லி ஒரு ஸ்கூட்டர்காரரை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பி, அவர் வழியிலேயே இறந்த செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, காகிதம் பிறகு என்று 1989-ல் தீர்ப்பு வந்தது. 2016-ல், விபத்தில் அடிபட்டவருக்கு உதவி செய்தவரைத் தடுத்து நிறுத்தக் கூடாது, பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதலுக்கு உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை தந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திருத்தத்தில் அது 134ஏ பிரிவாகச் சேர்ந்தது. இப்போது சாலையில் விழுந்தவரைத் தூக்கிவிட ஆட்கள் பயமில்லாமல் வருகிறார்கள். வந்து, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, உரிமையோடு வீட்டுக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் அவர் போன பிறகு படுக்கையருகில் நிற்பது யார்? பணம் கட்ட அரசு இருக்கிறது, கொண்டுவர 108 இருக்கிறது, தூக்கிவிட்டவரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அந்த முதல் சில மணி நேரத்துக்கு நோயாளியின் பக்கம் நிற்க மட்டும் யாரும் நியமிக்கப்படவில்லை.

கட்டாராவுக்குப் பின்னால் வந்த ஹக்கீம் ஷேக் வழக்கை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கிறேன். 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் அவர். படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாகக் கைவிரிக்க, கடைசியில் தனியாரிடம் பணம் கட்டி வைத்தியம் பார்த்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை மறுக்கப்படுவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தது. சட்டக் கல்லூரியில் எல்லாரும் படித்த தீர்ப்பு இது. ஆனால் அவர் ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் என்பதையும், அந்தச் சங்கம் அவரோடு சேர்ந்து நின்று வழக்கு நடத்தியது என்பதையும் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கூட ஆள் இருந்ததால் அந்த அநியாயம் தீர்ப்பாயிற்று. கூட யாரும் இல்லாத எத்தனை பேர் அதே ஆண்டு அதே வாசல்களிலிருந்து திரும்பிப் போனார்களோ, அவர்கள் பெயர் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

குடித்தவருக்கு வருகிறேன். எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இதைப் பேசாமல் இருக்க முடியாது.

விபத்துப் பதிவேட்டில் 'வாயில் மது வாடை' என்று ஒரு வரி விழுந்தால், அதன் விலை என்னவென்று எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை இருக்காது. சட்டம் சொல்லும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அந்த எண் எங்கேயும் இருக்காது. வாடையை மட்டும் வைத்துப் போதையில் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லியிருக்கிறது. இருந்தும் இன்சூரன்ஸ் தரப்பு அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, விபத்தில் இவர் பங்கும் உண்டு என்று இழப்பீட்டைக் குறைக்க வாதாடும். அதை நான் நீதிமன்றத்தில் எதிர்கொள்வேன். அது என் தொழில். எனக்குக் கவலை தருவது, அந்த வரி எழுதப்பட்ட நேரத்துக்கும் மருத்துவர் மறுபடி வந்து பார்த்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி. தலைக்குள் ரத்தம் கசிந்தவரும் நாக்குழறிப் பேசுவார், வாந்தி எடுப்பார், சம்பந்தமில்லாமல் கத்துவார். சர்க்கரை திடீரென்று இறங்கியவரும் அப்படித்தான். குடித்தவருக்கும் தலையில் அடிபடும். "தண்ணி கேஸ், தெளியட்டும்" என்று ஓரத்தில் விடப்பட்டவரின் மனைவி வந்து, "இவரு இப்படிப் பேசுற ஆளே இல்லீங்க" என்று சொன்ன பிறகுதான் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள் என்ற சங்கதியை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வெவ்வேறு ஆஸ்பத்திரிகளைக் குறித்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மனைவி வராமல் இருந்தால்?

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள், பட்டியல் சாதி மக்கள் நிறைந்த பகுதி. வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று மக்கள் சரிந்துகொண்டிருந்த முதல் காலையில், சாவுக்குக் காரணம் கள்ளச்சாராயம் இல்லை என்று மாவட்ட நிர்வாகத்திடமிருந்து வார்த்தை வந்தது. அதைக் கேட்டுக் குடித்தவர்களும் தாமதித்தார்கள். எழவு வீட்டில் மேலும் குடித்தவர்களும் உண்டு. மெத்தனால் விஷத்துக்கு மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு, ஆனால் நேரம்தான் எல்லாம். கள்ளக்குறிச்சி, முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று நாலு திசைக்கும் ஆட்களை ஏற்றி அனுப்பினார்கள். அந்த நாட்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் கண் துஞ்சாமல் வேலை செய்ததை மாவட்டமே அறியும். அதே நாட்களில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் நான் கேட்ட பேச்சு வேறு: "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்கு வைத்தியம், எதுக்கு நிவாரணம்?" இப்படிப் பேசுகிற ஊரில், வாயில் வாடையோடு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூசுகிறவன் வீட்டிலேயே கிடப்பான். மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே அவனுக்கு ஒரு பாரபட்சம் நடந்து முடிந்துவிடுகிறது.

கல்வராயன் மலைக்காரர்களுக்குத் தொல்லை வேறு மாதிரி. அவர்களுக்குப் பெரும்பாலும் கூட ஆள் உண்டு. மலையாளிப் பழங்குடி மக்கள் நோயாளியைத் தனியாக விடுகிறவர்கள் அல்லர். ஆனால் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அனுப்பி, அங்கிருந்து சேலத்துக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ அனுப்பும்போது, கூட வந்த ஆள் ஒவ்வொரு கட்டத்திலும் தன் வீட்டிலிருந்து இன்னும் தூரம் போகிறார். கையில் கொண்டுவந்த பணம் சாப்பாட்டுக்கே கரைந்துவிடுகிறது. நோயாளி ஆம்புலன்ஸில் இலவசமாகப் போவார். துணைக்குப் போனவர் திரும்பி வரும் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நிற்பார். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால் இந்தப் பயணங்களில் ஒரு பகுதி குறைந்திருக்கிறது, சந்தோஷம். சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் அங்கே பேசப்பட்டன. துணைக்கு வருபவரின் சாப்பாட்டையும் படுக்கையையும் அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் தாலுகாவில்தான் கூவாகம் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வருகிறார்கள். விழா நாட்களில் நடமாடும் மருத்துவக் குழு, தண்ணீர், காவல் எல்லாம் ஏற்பாடாகும். மற்ற நாட்களில் விபத்தில் அடிபட்டு வரும் ஒரு திருநங்கைக்கு முதல் கேள்வி ஆண் வார்டா பெண் வார்டா என்பது. அதற்கடுத்தது, கையெழுத்துப் போட ரத்த சொந்தம் யார் என்பது. என்னிடம் வந்த ஒருவரோடு அவருடைய 'அம்மா' இருந்தார், இரண்டு 'மகள்'கள் இருந்தார்கள். பெற்ற வீடு துரத்திய பிறகு பதினைந்து வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் அவர்கள் யாரையும் சொந்தமாக ஏற்க மறுத்து, துரத்திய அண்ணனின் போன் நம்பரைக் கேட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் நோயாளி சுயநினைவோடு இருந்தார். வயது வந்த, நினைவு தெளிந்த நோயாளியின் சம்மதம்தான் சம்மதம். 2008-ல் சமீரா கோலி வழக்கில், மகள் மயக்க மருந்தில் இருந்தபோது பெற்ற தாய் கொடுத்த சம்மதமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் யார் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. உறவினர் கையெழுத்து சட்டம் கேட்டு வாங்குவதல்ல, பயத்தில் வாங்குவது.

அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். கூட ஆளே இல்லாதவர் ஒரு பக்கம் என்றால், இருபது பேரோடு வருகிறவர் இன்னொரு பக்கம். விரல் வெட்டுக்கு வந்தவருக்காக வார்டு கவுன்சிலர் போன் செய்வார், கூட்டம் டாக்டரைச் சூழ்ந்து நிற்கும், கைகலப்பும் ஆகும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தினார். அவசர சிகிச்சைப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைத் தரம் பிரிக்கும் முறை தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. உயிருக்குப் போராடுபவர் சிவப்பு, அவருக்கு முன்னால் யாரும் இல்லை. மிக நல்ல முறை அது. அது நிலைக்க வேண்டுமானால் இருபது பேரை வெளியே நிறுத்தத் தெரிய வேண்டும், ஒருவரும் இல்லாதவருக்கு ஒருவரை உள்ளே கொடுக்கவும் தெரிய வேண்டும். இப்போது நாம் யோசிப்பதெல்லாம் முதலாவதை மட்டும்தான்.

நோயாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்று அரசு கேட்காமல் இல்லை. 'மேரா அஸ்பதால்' என்று 2016-லிருந்து ஒன்றிய அரசின் ஏற்பாடு இருக்கிறது. சிகிச்சை முடிந்தவரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும், அழைப்பு வரும், திருப்தியா இல்லையா என்று கேட்கும். யாருடைய செல்போனுக்கு? எலவனாசூர்கோட்டை ஆத்தாவிடம் போன் கிடையாது. வங்காளத்துப் பையனின் போன் விபத்தில் நொறுங்கிப் போனது. குடித்திருந்தவரின் பதிவில் இருப்பது மச்சான் நம்பர். கூட ஆள் இல்லாதவர், கருத்துக் கேட்பிலும் விடுபட்டுப் போகிறார். மேல்நாடுகளிலும் அளந்து பார்த்த பிறகுதான் பாரபட்சம் தெரியவந்தது. அமெரிக்காவில் வயிற்றுவலியோடு அவசர சிகிச்சைக்கு வந்தவர்களைப் பற்றிய 2008-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், வலி மருந்து கிடைக்க ஆண்கள் 49 நிமிஷமும் பெண்கள் 65 நிமிஷமும் காத்திருந்தது வெளியானது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. கடிகாரத்தை வைத்து அளந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. நம் பதிவேட்டில் தனியாக வந்தவர் என்று குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை.

ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்போகிறேன். மாவட்டத்தில் இரவும் பகலும் இயங்கும் அவசர சிகிச்சைப் பிரிவு ஒவ்வொன்றிலும், ஷிப்டுக்கு இரண்டு பேராவது நோயாளியின் துணையாட்களாக இருக்க வேண்டும். வாட்ச்மேனோ துப்புரவுப் பணியாளரோ கூடுதலாகப் பார்க்கிற வேலையாக இது இருக்கக் கூடாது. தள்ளுவது, சீட்டுப் போடுவது, பாத்திரம் வைத்துச் சிறுநீர் எடுக்க உதவுவது, வீட்டுக்குப் போன் போடுவது, மயக்கத்தில் இருப்பவரின் பேச்சு மாறினால் நர்ஸிடம் ஓடிச் சொல்வது இவர்களுடைய வேலை. ஆள் எங்கே என்று கேட்க வேண்டாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கு மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து பெண்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, வீட்டு வாசலில் ரத்த அழுத்தம் பார்க்க வைத்த அரசு இது. அதே வழியில் இதற்கும் எடுக்கலாம். திருநங்கைகளையும் எடுக்க வேண்டும், மலையிலிருந்தும் எடுக்க வேண்டும். செலவு ஆகும். ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கு ஐம்பதும் நூறுமாக ஏழைகள் இன்று பல இடங்களில் கையிலிருந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது எந்தக் கணக்கிலும் வராத செலவு.

கூடவே, விபத்துப் பதிவேட்டில் 'தனியாக வந்தவர்' என்று ஒரு கட்டம். அப்படிக் குறிக்கப்பட்டவர் ஒவ்வொருவரையும், டிஸ்சார்ஜ் ஆன பத்து நாளுக்குள் நேரில் போய் ஒருவர் பார்த்து, அந்த முதல் மணி நேரத்தைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும். வங்காளம் பேசுகிறவரிடம் வங்காளத்தில் கேட்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாய்மொழியாகக் கேட்க வேண்டும். கேட்கப் போகிறவர் அந்த ஆஸ்பத்திரியின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. எழுதியதை ஆட்சியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். அடுத்த கூவாகம் திருவிழாவுக்குள் உளுந்தூர்பேட்டையில் இதைத் தொடங்குங்கள் என்று தேதியோடு கேட்டிருக்கிறேன்.